முடி கொடுக்காத பிள்ளை

அண்ணே,

போன செவ்வாய்க்கிழமை வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மொட்டைத் தலை ஏறியது. மூன்று வயது இருக்கும். தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. அம்மா தோளில் தூங்கிக்கொண்டே வந்த பிள்ளை, ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது பின்னால் சரிந்து, கம்பியில் வைத்திருந்த என் கைமேல் தலையைச் சாய்த்தது. ஈரச் சந்தனமும் புதிதாக மழித்த தோலும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறியது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் தலை கம்பியில் இடிக்கும், அதனால்தான். பாசம் கீசம் என்று நீ நினைத்துக்கொள்ளாதே.

நம் குலசாமி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கான்சாபுரத்தில் இறங்கி மலைப்பக்கம் நடந்துபோய், பூட்டைத் திறந்து, பெருக்கி, மூன்று கல்லுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீ செத்துப்போன இந்த ஐந்து மாதமாக என்னிடம்தான் இருக்கிறது.

நீ ஆறு வயது மூத்தவன். உனக்கு நான் ‘நீங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்த மரியாதையை ஒரு சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் அந்தக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பப் போய் எடுக்கவில்லை. செத்தவனைப் பற்றிப் பொல்லாப்புச் சொல்லக் கூடாது என்பார்கள். செத்ததால் மட்டும் நீ நல்லவனாகிவிடவில்லை. உயிரோடு இருப்பதால் நானும் ஆகிவிடவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இருபத்தேழு வருஷமாக நீ உன் பக்கத்தை மட்டும்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்!

நம் வீட்டுச் சட்டம் இது. பிள்ளைக்கு மூன்று வயதில் குலசாமி கோயிலில் முதல் முடி எடுக்க வேண்டும். மூன்றில் முடியாவிட்டால் ஐந்தில். அதுவும் தவறினால் ஏழில். இரட்டைப்படை வயதில் கத்தி படக் கூடாது. முடி கொடுக்கும்வரை பிள்ளையின் கையில் பலகையும் பல்பமும் கொடுக்கக் கூடாது, பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க விடக் கூடாது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் தன் அண்ணன் ஒருவரின் கதையையும் சேர்த்துச் சொல்வார். முடி கொடுக்காமல் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களாம். அந்த ஐப்பசியிலேயே கண்மாயில் மூழ்கிச் செத்தாராம். அவருக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்று நீயும் அப்பாவிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

உன் கார்த்திக்கும் என் மகேசுக்கும் இரண்டே மாத வித்தியாசம். இரண்டு பேருக்கும் ஒரே மாசியில், ஒரே காலையில் முடி எடுப்பதாக ஏற்பாடு. கிடாய் நான் வாங்கியது. விடியற்காலையில் வெட்டியாகிவிட்டது. மூத்தவன் பிள்ளை என்பதால் முதலில் கார்த்தி உட்கார்ந்தான். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மதினி அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்து என் மச்சினன் மடியில் மகேசு உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் அவள் தலையைத் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்துவிட்டார். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நீ கிடாயின் தலையைக் கொம்பைப் பிடித்துத் தூக்கிச் சாக்குப்பையில் போடப் போனாய்.

“அண்ணே, தலை மச்சினனுக்கு. நான் சொல்லிட்டேன்” என்றேன்.

“கிடா யாரு வாங்குனா என்னலே? தலை மூத்தவன் வீட்டுக்கு. அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.”

“அப்பா செத்தாச்சு.”

“ஏலே, நான் இன்னும் சாகலலே.”

நான் இன்னொரு கொம்பைப் பிடித்தேன். நாற்பது வயது ஆபீஸ் கிளார்க்கும், முப்பத்துநாலு வயது மில் ஃபிட்டரும் ஓர் ஆட்டுத் தலையை ஆளுக்கொரு கொம்பாகப் பிடித்து இழுத்தோம். வேட்டியெல்லாம் ரத்தம். மச்சினன் மடியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த மகேசு, நாம் விளையாடுகிறோம் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டதா என்று தெரியாது. எனக்குக் கேட்டது. கேட்டும் விடவில்லை.

கடைசியில் நீதான் விட்டாய். விட்டுவிட்டு, முடி எடுக்கிறவரிடம் போய், “பெட்டிய மூடும்” என்றாய். “மச்சினனுக்குத் தலைய குடுக்கவன் மச்சினன் கோயில்லயே மொட்டை போட்டுக்கிடட்டும். இங்க இனி இவன் பிள்ளைக்குக் கெடையாது.” அவர் என் முகத்தையும் உன் முகத்தையும் பார்த்தார். சாவி வைத்திருப்பவன் மூத்தவன், அதனால் பெட்டியை மூடினார். நீ கதவைப் பூட்டினாய். அந்தச் சண்டை கால் மணி நேரம் பிந்தியிருந்தால் இந்த மடலே இல்லை. அந்தத் தலையை யாரும் சமைக்கவில்லை. எறும்பு மொய்த்துக் கிடந்தது.

நான்கு வயதில் கத்தி படக் கூடாது என்பதால் ஒரு வருஷம் சும்மா போனது. ராஜபாளையத்தில் எதிரெதிர் வீடு நமக்கு. தெருவில் மூன்றரை வயதிலேயே பிள்ளைகளை எல்.கே.ஜி.க்கு வாரிக்கொண்டு போனார்கள். கார்த்திக்கு வேன் வந்தது. காலையில் எட்டேகாலுக்கு அந்த வேன் ஹாரன் அடிக்கும். மகேசு எட்டு மணிக்கே முகம் கழுவி, பாவாடை மாற்றி, வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கார்த்தி வேன் ஜன்னலில் இருந்து கை காட்டுவான். ஒரு மாதம் பார்த்தாய். பிறகு டிரைவரிடம் சொல்லி வேனைத் தெருமுனையிலேயே நிறுத்த வைத்தாய். அதன் பிறகும் அவள் எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தாள், ஹாரன் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஐந்தாம் வயது மாசி வந்தது. மச்சினன் வெட்கத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் ஆபீஸுக்கே வந்து சாவி கேட்டான். அத்தனை பேர் முன்னால், “அன்னைக்குத் தலைய வாங்க வந்தீரு, இன்னைக்குச் சாவிய வாங்க வந்துட்டீரோ?” என்று கேட்டாயாமே! அவன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே பல மாதம் வரவில்லை.

இதுவரை எல்லாம் உன் கணக்கில். இனிமேல் சொல்வது என் கணக்கில்.

அந்த ஏப்ரலில் என் வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள். “ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாரியம்மன் கோயில்ல வச்சு எடுத்துருவோம். எந்தச் சாமியா இருந்தா என்ன? ஜூன்ல ஒன்னாங்கிளாஸ் சேத்துருவோம்.”

“அப்ப எங்க அண்ணன் ஜெயிச்சதா ஆயிருமே.”

“பிள்ளை தோத்தாப் பரவாயில்லையா?”

எனக்குச் சாமி பயம் அதற்குள் போய்விட்டிருந்தது, அண்ணே. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முடி கொடுக்காவிட்டால் பிள்ளை செத்துவிடும் என்று நான் துளியும் நம்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒன்று என் வாசலில் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, “என்னப்பா, இன்னும் சேக்கலையா?” என்று கேட்பார்கள். நான் உன் வீட்டைக் கையால் காட்டுவேன். அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, உன் வீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். அதில் ஒரு சுகம். மில்லில் எட்டு மணி நேரம் நின்று வந்த கால்வலி அந்தச் சுகத்தில் போய்விடும். என் மகளுக்குத் தலை சீவி, எண்ணெய் வைத்து, உன் வாசலுக்கு நேராக நானே உட்கார வைத்தேன். உன்னைக் காறித் துப்ப ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்துக்கு இரண்டு சடை போட்டுவிட்டேன்.

ஆறரை வயதில், ஒரு மே மாதம், அரசுப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரி மோர் கொடுத்தாள்.

“அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளை இருக்கா சார் இந்த வீட்டுல?”

“இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவ மாமா வீட்டுல இருந்து படிக்கா. லீவுக்கு வந்திருக்கா.”

நிலைக்குப் பின்னால் நின்ற மகேசு தலையை நீட்டி, “இல்ல டீச்சர், நான் படிக்கல. எனக்கு மொட்டை போட்ட பொறவுதான் படிப்பு” என்றாள்.

“பிள்ளை வெளையாட்டுக்குச் சொல்லுது” என்றேன். டீச்சர் மகேசைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு நான் சொன்னதையே எழுதிக்கொண்டு போனாள். அவளுக்கு இன்னும் எத்தனை தெரு பாக்கியோ.

அவள் தெரு திரும்பியதும் நான் மகேசை அடித்தேன். கன்னத்தில், முழுக் கையால். முட்டியில் சிராய்ப்பு என்றாலே தெருவைக் கூட்டுகிற பிள்ளை அவள். அன்று அழவில்லை. என் வீட்டுக்காரி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் நீ நின்றுகொண்டிருந்தாய். டீச்சர் உன் வாசலைத் தாண்டித்தான் போனாள். ‘டீச்சர், அவன் பொய் சொல்லுதான்’ என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும், அந்த ஜூனில் என் மகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். உனக்கு என்னைக் காட்டிக்கொடுத்த சந்தோஷமும் கிடைத்திருக்கும். நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் பிள்ளை படித்துவிடும்.

பிறகு கார்த்திகை. அவளுக்கு ஏழு வயது நிறைந்த மறுவாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உன் மகன் தெருவைத் தாண்டி ஓடி வந்தான். அவன் எங்களோடு பேசினால் தொடையில் பெல்ட்டால் அடிப்பாய் என்று தெருவுக்கே தெரியும். வந்தவன் டவுசர் பையிலிருந்து கோயில் சாவிக்கொத்தை எடுத்து மகேசு கையில் வைத்தான்.

“இந்தா. வெரசாப் போய் மொட்டை போட்டுட்டு வா. எங்க கிளாஸ்ல எம் பக்கத்துல எடம் இருக்கு.”

அரிசி டிரம்முக்குள் நீ ஒளித்துவைத்திருந்ததாம். உன் மகன் கையில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. மகேசு சாவியோடு என்னிடம் ஓடி வந்தாள். “அப்பா, போவோமாப்பா? இப்பவே போவோமாப்பா?”

போயிருக்கலாம். கான்சாபுரத்துக்கு அன்று சாயங்காலம் பஸ் இருந்தது. மறுநாள் காலையில் முடி எடுத்துவிட்டு, நீ தேடுவதற்குள் சாவியைத் திரும்ப டிரம்மில் போட வைத்திருக்கலாம். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நம் இரண்டு பேரின் மானத்தையும் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் மகனின் கையை ஒரு கையிலும் சாவியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தேன். தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினேன். “கள்ளச் சாவில எம் பிள்ளைக்கு மொட்டை வேண்டாம்! இந்தா, ஒம் மவன் திருடிட்டு வந்திருக்கான். நல்லா வளத்திருக்கே!”

நீ என்ன செய்வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அண்ணே. தெரிந்துதான் கத்தினேன். நீ என்னிடமிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி, அதே கொத்தால் அவன் முகத்தில் அடித்தாய். இடது புருவம் கிழிந்து தொங்கியது. மதினி அலறிக்கொண்டு சேலைத் தலைப்பால் அமுக்கினாள். திரும்பிப் பார்த்தேன். என் பின்னாலேயே தெருவைத் தாண்டி வந்திருந்த மகேசு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்று வேலையில் ஒரு பிசகும் இல்லை.

மறுநாள் என் வீட்டுக்காரி என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மகேசைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது பிள்ளை மொட்டை. கோயில் இல்லை, தாய்மாமன் மடி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சலூனில் ஆண்கள் உட்காரும் நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்து எடுத்தார்களாம். ஒரு துணிக்கடைப் பையை என் முன்னால் வைத்தாள். அதில் ஏழு வருஷத்து முடி.

“இந்தாங்க. ஒங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிடுங்க. தலை யாருக்கு, தொடை யாருக்குன்னு நீங்களே பேசிக்கிடுங்க.”

அதற்கப்புறம் பல மாதம் அவள் சோற்றைத் தட்டில் வைப்பாள், நான் சாப்பிடுவேன். அவ்வளவுதான் குடும்பம்.

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அவளே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். வயதுக்கு இரண்டாம் வகுப்பு என்று சொல்லி மகேசை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சொல்லித் தருவது எதுவும் அவளுக்குத் தெரியாது. எழுத்து தெரியாமலே மூன்றுக்குப் போனாள், மூன்று தெரியாமலே நாலுக்குப் போனாள். கூட இருக்கிற பிள்ளைகள் சத்தம் போட்டு வாசிக்கும்போது உதட்டை மட்டும் அசைக்கப் பழகிக்கொண்டாள். அதை நான் கண்டுபிடித்தபோது அவள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். எட்டுவரை எல்லாரையும் தள்ளிவிடுவார்கள், தள்ளிவிட்டார்கள். ஒன்பதில் நின்றாள்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒருவர் இலையை ஒருவர் பார்த்ததோடு சரி. நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

“பாப்பா என்ன படிக்கா?”

“ஒம்பதுல நின்னுட்டா.”

நீ டீயைக் குடித்து முடித்தாய். எழுந்தபோது கையிலிருந்த பால்கோவா பொட்டலத்தை பெஞ்சில் வைத்து, “அதுகிட்டக் குடு” என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அதை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் இறங்கும்போது சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். நீ அவளுக்குக் கொடுத்தனுப்பிய ஒரே பொருள் அது. அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மகேசு கொஞ்ச காலம் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனிக்குப் போனாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். இப்போது ஆறு வருஷமாக அங்கே ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயா. சின்னப் பிள்ளைகளை வாசலில் வாங்கி, மூக்கைத் துடைத்து, கழுவிவிட்டு, வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைக்கிற வேலை. உள்ளே விடாத பிள்ளை இப்போது நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குள்தான் இருக்கிறாள். இதை நினைத்துச் சிரிக்க எனக்கு உரிமை உண்டு. உனக்கும் உண்டு.

நீ தை மாதம் போய்ச் சேர்ந்தாய். மாரடைப்பு. போன் வந்தபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ‘சாவி எனக்கு.’ அதற்கு அடுத்ததாக உன் பேத்தி ஞாபகம் வந்தது. கார்த்தியின் மகள் மித்ராவுக்கு மூன்று வயது. மாசியில் முடி எடுக்கப் போகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாய். நீ தையிலேயே போய்விட்டாய். சாவு விழுந்த உன் வீட்டார் ஒரு வருஷம் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. மூன்று தவறினால் ஐந்து. ஐந்துக்கும் சாவி என்னிடம்தான் வரவேண்டும். உன் பிணம் வீட்டில் கிடக்கும்போது நான் போட்ட கணக்கு இது.

பதினாறாம் நாள் காரியத்தில் கார்த்தி ஒரு தட்டில் வேட்டி துண்டோடு சாவியை வைத்துக் கொடுத்தான். குனிந்தபோது இடது புருவத்தில் அந்தத் தழும்பு முடி முளைக்காமல் பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வாங்கினேன். ‘பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமே, தீட்டைப் பார்க்காமல் வரட்டும், வந்து கேட்கட்டும்’ என்று காத்திருந்தேன். வந்தால் இரண்டு நாள் நிற்கவைக்கலாமா, ஒரு வாரம் நிற்கவைக்கலாமா என்பதுதான் யோசனை. கடைசியில் பெரிய மனசு பண்ணித் திறந்துவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன். அதற்கான பேச்சைக்கூடத் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சித்திரை போனது, வைகாசி போனது. யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த மொட்டைத் தலை என் கைமேல் கிடந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய்ச் சொல்லிவிடுவது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கார்த்தியின் மருந்துக்கடைக்குப் போனேன்.

“தீட்டு கீட்டுன்னு பாக்க வேண்டாம்டே. ஆவணில நானே தொறக்கேன். பாப்பாவுக்கு முடி எடுத்துருவோம். பொறவு பள்ளிக்கூடத்துல சேரு.”

அவன் ஒரு ஆளுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, “அவ ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சுட்டாளே, சித்தப்பா. மூணு வாரமாச்சு” என்றான்.

“மொட்டை போடாமலா?”

“எப்பச் சேக்கணும்னு மகேசுகிட்டதான் கேட்டேன். ஒன்னுக்கு வந்தா வாயத் தொறந்து சொல்லுதாளான்னு கேட்டா. டிபன் டப்பா மூடிய அவளே தொறக்காளான்னு கேட்டா. ரெண்டுக்கும் ஆமான்னேன். அப்பச் சேத்துருன்னா.”

“வேற ஒன்னும் கேக்கலையா?”

“ராத்திரி அம்மா இல்லாமத் தூங்குவாளான்னு கேட்டா. அதுக்கு இல்லன்னேன். அது பரவாயில்லன்னா.”

நீயும் நானும் பேசாத இருபத்தேழு வருஷமும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாமல், போனில், பஸ்ஸில், மருந்துக்கடை வாசலில். நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். “வேண்டாம் சித்தப்பா, அவ அம்மா போவா” என்றான். எனக்குச் சொன்னால் கேட்கிற பழக்கம் ஏது? போனேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கேட்டில் மகேசு நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மித்ரா. இரண்டு சடை, சிவப்பு ரிப்பன்.

“என்னப்பா இங்க?”

“பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன்.”

அவள் கழுத்தில் ஒரு கயிற்றில் அட்டைகள் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. யாரிடம் பிள்ளையை விடலாம் என்று பேரும் போட்டோவும் அதில் இருக்கும். ஒரு அட்டையை எடுத்து, விரலை வைத்து, மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். முப்பது வயதில் என் மகள் அப்படித்தான் படிக்கிறாள்.

“இதுல ஒங்க பேரு இல்லப்பா.”

“நான் யாருன்னு ஒனக்குத் தெரியாதாட்டி?”

“தெரியும்ப்பா. அதனாலதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி எங்கே போனது பார். “எம் பேர விடு. எங்க அண்ணன் பேரு இருந்துச்சா? செத்த பொறவு எடுத்துட்டீகளோ?” என்று கேட்டேன்.

“மார்கழியிலயே அட்மிஷன் போட்டு அட்டை எழுதியாச்சுப்பா. தாத்தா பேரு போடவான்னு ஆபீஸ்ல கேட்டாவ. கார்த்தி எம் முகத்தப் பாத்தான். நான் வேண்டாம்னேன். அவனும் சரின்னுட்டான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“பெரியப்பாவும் கூட வந்திருந்தாவ. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாவ.”

“கேட்டிருக்குமோ?”

“கேட்டிருக்கும். கதவு தொறந்துதான கெடந்துச்சு.”

மித்ராவின் அம்மா ஸ்கூட்டரில் வந்தாள். மகேசு அட்டையைப் பார்த்துப் பிள்ளையை ஒப்படைத்தாள். அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள். நான் வழியில் நிற்கிறேன் என்று செத்த தள்ளி நிற்கச் சொன்னாள். தள்ளி நின்றேன்.

உன் பேரும் இல்லை என்று கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அண்ணே. மறைத்து என்ன ஆகப்போகிறது. ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகு டிக்கெட் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த பெஞ்சு நினைவுக்கு வந்தது. மார்கழிக் குளிரில், அறுபத்தேழு வயதில், திறந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து, சொந்த மகன் சரி என்று சொன்னதை நீ கேட்டிருக்கிறாய். யாரிடமும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய், அடுத்த மாதம் செத்தும் போய்விட்டாய். அந்த பெஞ்சில் உன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது. நீ மட்டும் தனியாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.